மூன்றாம் ஓலை

போன தவக்காலத்தில் எங்கள் பங்கில், கலியாணத்துக்குக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு வகுப்பு வைத்தார்கள். பேத்திக்குத் துணையாக நானும் போய்ப் பின்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். இளவயதுச் சாமியார் பலகையில் மூன்று வட்டம் போட்டார். ஒன்றில் இல்லறம், ஒன்றில் துறவறம், ஒன்றில் தனிவாழ்வு என்று எழுதினார். மூன்றுமே கடவுள் கொடுக்கிற அழைப்புதான், ஒன்றைவிட ஒன்று தாழ்ந்தது இல்லை, கலியாணமும் செய்யாமல் மடத்துக்கும் போகாமல் தனியாக நின்று ஊழியம் செய்கிறவர்களும் கடவுளுக்கு வேண்டியவர்கள்தான் என்றார். பிள்ளைகள் பாதிப்பேர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்த மூன்றாவது வட்டத்தைவிட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

என் வயதுக்காரர்களுக்குத்தான் இது புரியும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ராயபுரத்துக் கோயில் மண்டபத்தில் சில்லென்ற தரையில் உட்கார்ந்து ஞானோபதேசம் மனப்பாடம் செய்தவர்கள் நாம். நம் காலத்தில் இரண்டு வட்டம்தான் இருந்தது. பெண்ணாகப் பிறந்தால் ஒன்று தாலி, இல்லாவிட்டால் மடம். இரண்டுக்கும் நடுவில் நின்றவளுக்கு நம் தெருவில் பெயரே கிடையாது. அப்படி நின்ற ஒருத்தி எங்கள் வீட்டில் இருந்தாள். என் அம்மாவின் தங்கை. எனக்குச் சித்தி.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம், ஐப்பசி மழையில் சித்தி மடத்திலிருந்து திரும்பி வந்தாள். கை ரிக்‌ஷாவில் ஒரு வயதான கன்னியாஸ்திரீயும் அவளும். கறுப்பு டிரங்குப் பெட்டியைச் சித்தி மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். சித்தி போனபோது எனக்கு ஆறு வயதுகூட ஆகவில்லை. அதனால் நான் முகத்தை மறந்திருந்தேன். அம்மாவின் முகத்தைக் கொஞ்சம் சின்னதாக்கி வைத்த மாதிரி இருந்தது. தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். வெள்ளைப் புடவை கட்டியிருந்தாள். மடத்துத் துணி இல்லை, மடத்தில் யாரோ கொடுத்த பழம்புடவை.

கன்னியாஸ்திரீ உள்ளே அம்மாவோடு கொஞ்ச நேரம் பேசினார். நைனா ஓடிப்போய் வாங்கிவந்த கலர் சோடாவைக் குடிக்கவில்லை. போகும்போது சித்தியின் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு அதே ரிக்‌ஷாவில் ஏறிக்கொண்டார். அம்மா அடுப்பு பற்றவைக்காமல் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். நைனாதான் என்னைக் கூப்பிட்டு, சித்தி இனிமேல் நம்மோடுதான் இருப்பாள், யாராவது கேட்டால் உடம்பு சரியில்லை என்று சொல் என்றார்.

நைனா துறைமுகத்தில் வின்ச் ஓட்டினார். சரக்குக் கப்பலிலிருந்து மூட்டைகளைத் தூக்கி இறக்குகிற எந்திரம் அது. எங்கள் வீடு துறைமுகத்துக்குப் போகும் சரக்கு ரயில் பாதைக்குப் பக்கத்தில். ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. நிலக்கரித் தூள் எங்கும் படிந்திருக்கும். சோற்றுப் பானை மூடியில் விரலால் கோடு போடலாம். சித்தி தன் வெள்ளைப் புடவையைத் துவைத்துக் காயப்போடுவாள். சாயங்காலம் எடுக்கும்போது சாம்பல் நிறமாக இருக்கும். மறுபடி துவைப்பாள். அம்மா ஒருநாள் அதைப் பிடுங்கிச் சுருட்டி வைத்துவிட்டுத் தன் பூப்போட்ட புடவை ஒன்றைக் கொடுத்தாள். சித்தி அதைக் கட்டிக்கொண்டாள்.

என்ன உடம்பு என்று எனக்குச் சீக்கிரமே தெரிந்தது. ஒரு மத்தியானம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தாள். முறம் உருண்டது. கண் மேலே போய், கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. வாயில் நுரை. அம்மா முதலில் செய்தது, ஓடிப்போய்க் கதவைச் சாத்தியதுதான். அப்புறம்தான் வந்து சாவிக்கொத்தை அவள் கையில் திணித்தாள். எல்லாம் அடங்கியதும் சித்தி எழுந்து, சிதறின அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தாள். நாக்கைக் கடித்திருந்தாள். முந்தானையால் துடைத்துக்கொண்டே பொறுக்கினாள்.

மடத்தில், சாகும்வரை கன்னியாஸ்திரீயாக இருப்பேன் என்று இறுதி வார்த்தைப்பாடு கொடுக்கிறதற்கு முன்னால் இது தெரிந்துபோயிருக்கிறது. வலிப்பு இருக்கிறவர்களை அங்கே வைத்துக்கொள்வதில்லை. அவ்வளவுதான் காரணம். ஆனால் அம்மா அந்தக் காரணத்தைத் தெருவுக்குச் சொல்லவில்லை. சொல்லாததால் தெரு தானே ஒரு காரணம் செய்துகொண்டது. குழாயடியில் சித்தி குடத்தை வைத்தால் பேச்சு நிற்கும். யாரோ மடத்து டிரைவரோடு என்றார்கள், யாரோ தோட்டக்காரனோடு என்றார்கள். எங்கள் வகுப்பில் ஒருத்தி என்னிடமே, உங்க சித்திக்குக் கொயந்த பொறந்துச்சாமே, எங்க வுட்டாங்க என்று கேட்டாள்.

அப்படிப் பேசினவர்களே நோய் என்றால் அவளைத்தான் கூப்பிட்டார்கள். மடத்து ஆஸ்பத்திரியில் வேலை பழகியவள். புண் கழுவுவாள், படுக்கைப் புண்ணுக்கு மருந்து வைப்பாள், எழுந்திருக்க முடியாத நிலைக்கு வந்துவிட்டவர்களைப் புரட்டிப் போட்டுத் துடைப்பாள். எதிர்வீட்டில் வாதம் வந்து படுத்துவிட்ட ஒரு படகுக்காரர் இருந்தார். அவர் சம்சாரம் விடியலிலேயே இட்லிக் கடை போடப் போய்விடுவாள். தினமும் சித்திதான் போய் அவரைச் சுத்தம் செய்து கஞ்சி ஊட்டினாள். கோடி வீட்டில் சயரோகத்தில் கிடந்த பாய்வீட்டு அம்மாவை அவர்கள் சொந்தக்காரர்களே வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். சித்தி பக்கத்தில் உட்கார்ந்து எச்சில் சட்டியை மாற்றினாள். செத்த வீட்டுக்கு முதல் ஆளாக அவளைக் கூப்பிட்டார்கள். கலியாண வீட்டுக்குக் கூப்பிடவில்லை.

நான் பல நாள் கூடவே போனேன். அந்த வீடுகளின் வாசனை இப்போதும் எனக்கு வரும். டெட்டால், மூத்திரம், அதற்கு நடுவில் தெருவிலிருந்து கருவாடு. மடத்துக்குப் போன புதிதில் தினமும் அழுததைப் பற்றிச் சித்தி ஒருமுறை சொன்னாள். அவளை யாரும் கேட்டு அனுப்பவில்லை. அக்கா சொன்னாள், போனாள். பிறகு அங்கே ஆஸ்பத்திரியில் சாகக் கிடந்த ஒரு பொம்பளை இவள் விரலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லையாம்.

"அன்னிக்குத்தான் தெரிஞ்சுது, எனக்கு வேலை இதான்னு" என்றாள் சித்தி. "யாரோ அனுப்பிச்சிதான் போனேன். ஆனா அங்க போய் எனக்கே புடிச்சிடுச்சு. மடம் என்ன வோணான்னு சொல்லிச்சு, சரி. ஆண்டவரு அப்பிடிச் சொல்லலியே. வேலை இங்கயும் கீது இல்ல."

அம்மாதான் நாளுக்கு நாள் ஒரு மாதிரி ஆனாள். நான் தும்மினால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். ரயில் பாதையைத் தாண்டவிடமாட்டாள். விடிகாலையில் கண் விழித்தால் அம்மாவின் கை என் மூக்கருகில் இருக்கும், மூச்சு வருகிறதா என்று. பள்ளிக்கூடத்தில் கீழே விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டு வந்த அன்று என்னைப் பார்க்கவில்லை, சித்தியைத்தான் பார்த்தாள். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்கு அப்போது தெரியவில்லை.

தெரிந்தது கிறிஸ்துமஸ் கழிந்து பங்குச் சாமியார் வீடு மந்திரிக்க வந்தபோது. அவர் தெற்குப் பக்கத்துக்காரர். உயரமாக இருப்பார், குனிந்துதான் எங்கள் வீட்டுக்குள் வரவேண்டும். தண்ணீர் தெளித்து முடித்து நாற்காலியில் உட்கார்ந்ததும் அம்மா அவர் முன்னால் முட்டி போட்டுவிட்டாள். எனக்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் பிறந்து தொண்டை அடைப்பான் வந்து செத்தன என்பது எனக்குத் தெரியும். எனக்கும் கைக்குழந்தையாக இருந்தபோது அதே வியாதி வந்ததும் தெரியும். மீதியை அன்றுதான் கேட்டேன்.

"இந்தக் கொயந்த பொயைச்சா என் தங்கச்சிய ஆண்டவருக்கே குடுத்துடறேன்னு மாதா முன்னாடி நேந்துகினேன் சாமி" என்றாள் அம்மா. "பொயைச்சுது. நானும் வாக்கு மாறாம குடுத்தேன். இப்ப அவரு திருப்பி அனுப்பிச்சிட்டாரு. அப்ப எனக்குக் குடுத்தத திரும்ப எடுத்துக்குவாரா?"

கையை நீட்டி என்னைக் காட்டினாள். எனக்குப் பத்து வயது. சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன்.

அந்த நேர்ச்சை நடந்தபோது சித்தி, அன்று பத்து வயதில் நின்ற என்னைவிடக் கொஞ்சம்தான் பெரியவளாக இருந்திருப்பாள். தாய் தகப்பன் இரண்டு பேரும் போய், அக்காவே கதி என்று வந்த பிள்ளை. பாவாடை கட்டிக்கொண்டு என்னைத் தூக்கி வைத்திருந்த அந்தப் பிள்ளையை எனக்குப் பதிலாகக் கொடுத்திருந்தார்கள்.

சாமியார் அம்மாவை எழுந்திருக்கச் சொன்னார். நல்ல மனிதர்தான், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

"தனக்குச் சொந்தமானதத்தாம்மா நேர முடியும். இன்னொருத்தி வாழ்க்கைய நீ எப்படி நேருவே? அந்த நேர்ச்சை செல்லாது. செல்லவே இல்ல. ஆண்டவர் பிள்ளைகளப் பிடிச்சு வச்சிக்கிட்டு பேரம் பேசுறவர் இல்ல. நீ பயப்படாம இரு."

சித்தி சமையல்கட்டு வாசலில் நின்றிருந்தாள். கையில் சாமியாருக்குக் கொண்டுவந்த காபி.

"அப்ப நானு இன்னாத்துக்கு சாமி போனேன்?" என்று கேட்டாள்.

கோபமாகக் கேட்கவில்லை. பதில் தெரிந்துகொள்ள விரும்புகிறவள் கேட்கிற மாதிரி கேட்டாள். சாமியார் காபியை வாங்கிக்கொண்டார்.

அந்த ஒரு வார்த்தை, செல்லாது என்றது, அவளை விடுதலை செய்திருக்க வேண்டும். நடந்தது வேறு. நேர்ச்சை செல்லாது என்றால் அவள் சும்மா இருக்கிற பெண். சும்மா இருக்கிற பெண்ணைக் கட்டிக் கொடுக்க வேண்டும். நைனா அன்று சாயங்காலமே பேச்சை எடுத்தார். நைனாவையும் கெட்டவராகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வின்ச் கயிறு அறுந்து ஆள் செத்ததைக் கண்ணால் பார்த்தவர். நாளைக்குத் தனக்கு ஏதாவது ஆனால் மச்சினி எங்கே போய் நிற்பாள் என்பதுதான் அவர் கவலை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற ஒருவர், திருவொற்றியூர்க்காரர், மனைவி செத்து இரண்டு சின்னப் பிள்ளைகளோடு இருந்தார். குடிக்க மாட்டார், கோயிலுக்கு ஒழுங்காகப் போகிறவர்.

பெண் பார்க்க அவருடைய அக்கா வந்த அன்று அம்மா சித்தியின் மாத்திரைகளை எடுத்து அரிசி டப்பாவுக்குள் புதைத்துவைத்தாள். கலியாணம் ஆனால் வலிப்பு தானாக நின்றுபோகும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அம்மா அதை நம்பினாள், அல்லது நம்ப வேண்டியிருந்தது. மடத்தை ஏன் விட்டாள் என்று அந்த அக்கா கேட்டதற்கு, விரதம் இருந்து இருந்து உடம்பு வற்றிப்போனது என்று அம்மா பதில் சொன்னாள். சித்தி தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். வெட்கம் என்று நினைத்துக்கொண்டு அந்த அக்கா சந்தோஷமாகப் போனார்.

சித்தி தனியாகச் சாமியாரைப் பார்க்கப் போனாள். என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். சாமியார் பங்களா வராந்தாவில் நின்று பேசினார்கள். கலியாணம் செய்யாதவர்களுக்கு ஆண்டவருடைய காரியங்களைக் கவனிக்கப் பொழுதும் மனசும் இருக்கும் என்று அவர் பிரசங்கத்தில் சொல்லியிருந்தார். சித்தி அதை அவருக்கு ஞாபகப்படுத்தினாள்.

"நானும் அதத்தான் பண்ணிகினு கீறேன் சாமி. யாரையும் கேட்டு சாப்புடல. ஆயா வேலை எதுனா கெடச்சா அதுவும் பாப்பேன். இப்பிடியே இருந்துட்டா இன்னா தப்பு?"

அது மடத்துக்குள் இருக்கிறவர்களுக்குச் சொன்னது என்றார் சாமியார். வெளியில் ஒரு பெண் தனியாக நின்றால் இந்த ஊர் என்ன பேசும் என்று உனக்கே தெரியும் என்றார். இப்போதே என்ன பேசுகிறார்கள் என்பது என் காதுக்கும் வருகிறது, தாய் இல்லாத இரண்டு பிள்ளைகளை வளர்ப்பதும் ஊழியம்தான் என்றார். சித்தி சரி சாமி என்றுவிட்டு வந்தாள். திரும்பி வரும் வழியில் ரயில் பாதையில் சரக்கு வண்டி போக நேரம் ஆனது. அத்தனை நேரமும் என் கையைப் பிடித்தபடி நின்றாள்.

ஓலை என்றால் என்ன என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது, உங்களுக்கு வேண்டாம். கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் மாப்பிள்ளை பெயரையும் பெண் பெயரையும் வாசிப்பார்கள். இந்தக் கலியாணத்துக்குத் தடை ஏதாவது யாருக்காவது தெரிந்திருந்தால் அதைத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறீர்கள் என்று ஒரு வரியும் வரும். யாரும் எதுவும் சொன்னதாக நம்மில் எவரும் கேட்டதில்லை. சாமியார் அந்த வரியை முடிப்பதற்குள் காகிதத்தை மடித்துவிடுவார்.

ஓலை எழுதுவதற்கு முன்னால் பெண்ணிடம் சம்மதம் கேட்க வேண்டும். கேட்டார்கள். நைனா பதில் சொன்னார்.

முதல் ஓலை வாசித்தார்கள். இரண்டாம் ஓலை வாசித்தார்கள். அம்மா கலியாணப் புடவைக்கு ரவிக்கை தைக்கக் கொடுத்தாள். நடுவில் ஒருநாள் சித்திக்கு மறுபடி இழுத்தது. அம்மா மறுபடி கதவைச் சாத்தினாள். எழுந்த பிறகு சித்தி, அவருக்குச் சொல்லிவிடு அக்கா என்று கேட்டாள். அம்மா, நீ வாயைத் திறந்தால் நான் கடலில் போய் விழுவேன் என்றாள்.

மூன்றாம் ஞாயிறு. பூசை தமிழுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், தரையில். மாப்பிள்ளையாகப் போகிறவரும் அன்று வந்திருந்தார், தூணோரம், இரண்டு பிள்ளைகளையும் முன்னால் உட்காரவைத்துக்கொண்டு. நான் அம்மாவுக்கும் சித்திக்கும் நடுவில். சாமியார் ஓலையை வாசித்தார், அந்தக் கடைசி வரியையும் வாசித்தார். காகிதத்தை மடித்தார்.

சித்தி எழுந்து நின்றாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"தடை கீது சாமி" என்றாள்.

சாமியார் நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் பேசலாம், உட்கார் என்று கையால் காட்டினார். அம்மா அவள் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"தெரிஞ்சவங்க சொல்லணும்னு நீங்கதான படிச்சீங்க. எனக்குத் தெரியும், அதான் சொல்றேன். எனக்கு வலிப்பு கீது. மடத்துல அதுக்காகத்தான் அனுப்பிச்சிட்டாங்க, வேற ஒண்ணும் இல்ல. அவருக்கு அத்த யாரும் சொல்லல. கொயந்தைங்கள வெச்சிகினு கீறவரு. சொல்லாம கட்டினா அது பொய்யி." தூண் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "அப்பறம், எனக்குக் கட்டிக்க மனசு இல்ல சாமி. என்ன யாரும் கேக்கல."

உட்கார்ந்தாள். அவள் முழங்கை என்மேல் பட்டது. சாமியார் மடித்த காகிதத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு விசுவாசப் பிரமாணத்தை ஆரம்பித்தார். பாதிப்பேர் கூடச் சொல்லவில்லை.

நைனா பூசை முடியும்வரை இருக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா சித்தியைக் கன்னத்தில் அறைந்தாள், கை ஓய்கிறவரை அறைந்தாள். பிறகு அவளையே கட்டிக்கொண்டு அழுதாள். மத்தியானம் கிரேன்காரர் வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. சத்தம் போடுவார் என்று நான் சமையல்கட்டில் போய் நின்றுகொண்டேன். அவர் நைனாவிடம் மெதுவாகத்தான் பேசினார்.

"என்கிட்ட சொல்லியிருந்தா நானே வேணாம்னுட்டு போயிருப்பேன், ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது. அந்தப் பொண்ண சபையில எழுந்து நிக்க வெச்சிட்டீங்களே."

நைனாவிடம் அவர் பிறகு எப்போதும் பேசவில்லை என்று கேள்வி.

உண்மை வெளியே வந்தது நல்லதுதானே என்று நீங்கள் நினைக்கலாம். டிரைவரும் தோட்டக்காரனும் பேச்சிலிருந்து போனார்கள். ஆனால் அந்தப் பேச்சு இருந்தபோதாவது நோய் என்றால் அவளைக் கூப்பிட்டார்கள். வலிப்பு என்று தெரிந்த பிறகு கூப்பிடவில்லை. எதிர்வீட்டு இட்லிக்காரம்மா மறுநாளே கதவில் குறுக்கே நின்றுகொண்டு, வேண்டாம்மா, அது எச்சிலில் ஒட்டிக்கொள்ளும் என்கிறார்கள் என்றாள். உள்ளே படகுக்காரர் சித்தியின் குரலைக் கேட்டு, வாய் கோணினபடி ஏதோ சத்தம் போட்டார். சித்தி கஞ்சிக் கிண்ணத்தை வாசற்படியில் வைத்துவிட்டு வந்தாள். சாயங்காலம் அது அப்படியே இருந்தது, மேலே கரி படிந்து. ஒவ்வொரு வீடாக அப்படியே ஆனது. கலியாணத்தை வேண்டாம் என்றது இந்த வேலைக்காக. இப்போது அந்த வேலையும் இல்லை. பங்குனி மாத வெயிலில் சித்தி வீட்டுக்குள்ளேயே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. என்னைக்கூட அருகில் கூப்பிடவில்லை.

கடைசியில் சாமியார்தான் வழி செய்தார். எண்ணூருக்கு அந்தப் பக்கம், உப்பளங்களைத் தாண்டி, தீராத நோய்க்காரர்களுக்கு ஒரு விடுதி இருந்தது. கன்னியாஸ்திரீகள் நடத்தினார்கள். அங்கே வேலைக்காரியாக எடுத்துக்கொண்டார்கள். சித்தி அதே டிரங்குப் பெட்டியோடு போனாள். நைனா பஸ் ஏற்றிவிடக்கூடப் போகவில்லை. அவள் சபையில் தன் மானத்தை வாங்கியதை அவர் மன்னிக்கவே இல்லை.

மறு வருஷம் நானும் அம்மாவும் அங்கே போய்ப் பார்த்தோம். நீண்ட ஓட்டுக் கட்டடம். உப்புக் காற்றில் ஜன்னல் கம்பிகள் எல்லாம் செதில் செதிலாக உரிந்திருந்தன. சித்தி படுக்கை விரிப்புகளைக் சலவைக் காரம் போட்ட வெந்நீரில் அலசுகிறவள். கைகள் வெந்து தோல் வெளுத்திருந்தன. சாப்பாடு கன்னியாஸ்திரீகளோடு இல்லை, சமையல்கட்டில். பூசையில் கடைசி வரிசை. ஆனால் வார்டுக்குள் அவள் நுழைந்ததும் கட்டிலில் கிடந்தவர்கள் தலையைத் திருப்பினார்கள். ஒரு கிழவர் விரல்கள் உதிர்ந்த கட்டைக் கையை நீட்டினார். அவள் அதைப் பிடித்துக்கொண்டே எங்களோடு பேசினாள்.

"சந்தோசமா கீறியா?" என்று அம்மா கேட்டாள்.

"வேலை கீதுக்கா" என்றாள் சித்தி.

என்னைக் கூப்பிட்டு எவ்வளவு வளர்ந்திருக்கிறேன் என்று முதுகோடு முதுகு நின்று பார்த்தாள். அவள் தோள் வரை வந்திருந்தேன்.

அடுத்த மழைக்காலத்துக்குள் அவள் செத்துப்போனாள். துணி வேகவைக்கிற பெரிய அடுப்புக்குப் பக்கத்தில் தனியாக இருந்தபோது இழுத்திருக்கிறது. பக்கத்தில் யாரும் இல்லை. நெருப்பின் மேலேயே விழுந்திருக்கிறாள். சத்தம் இல்லாத வியாதி அது. ஆள் வந்து பார்க்கிறபோது காலம் கடந்துவிட்டது. மறுநாள் வரை உயிர் இருந்ததாகச் சொன்னார்கள். எங்களுக்குச் செய்தி வந்து நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பெட்டியை மூடி ஆணி அடித்திருந்தார்கள். பார்க்க வேண்டாம் என்றார்கள்.

விடுதிக்குப் பின்னால் கழிமுகத்தை ஒட்டி ஒரு கல்லறைத் தோட்டம். கன்னியாஸ்திரீகளுக்கு வெள்ளையடித்த சிலுவைகளோடு ஒரு தனி வரிசை. அதற்கு அப்பால் மணல் மேடுகள், ஆதரவில்லாமல் செத்த நோயாளிகள். குழி அந்தப் பக்கம் தோண்டியிருந்தது. அம்மா அதைப் பார்த்ததும் விடுதியை நடத்திய மதரிடம் போனாள்.

"இவள ஆண்டவருக்குன்னு குடுத்தது மதர். அந்த வரிசையில வெச்சிடுங்க."

மதர் அம்மாவின் தோளைத் தொட்டார். வார்த்தைப்பாடு கொடுக்காதவர்களை அங்கே வைக்கிற வழக்கம் இல்லை என்று தன்மையாகத்தான் சொன்னார். பங்குச் சாமியாரும் ராயபுரத்திலிருந்து வந்திருந்தார். ஜெபம் வாசிக்கும்போது சித்தியின் பெயருக்கு முன்னால் என்ன சொல்வது என்று தெரியாமல் ஒரு நொடி நின்றார். பிறகு உமது அடியாள் என்று சொல்லி முடித்தார். நடக்க முடிந்த நோயாளிகள் வந்திருந்தார்கள். அந்தக் கட்டைக் கைக் கிழவர் மண்ணை இரண்டு மணிக்கட்டுகளுக்கும் நடுவில் அள்ளிப் போட்டார். நைனாவும் மண் போட்டார்.

"கட்டிகினு போயிருந்தா உசுரோட இருந்திருப்பா" என்றார், யாரிடமும் இல்லாமல்.

இன்றைக்கு யோசித்தால், அங்கே நின்ற பெரியவர்கள் எல்லோருமே அவளுக்கு நல்லதைத்தான் நினைத்தார்கள். அவளை வைக்க ஒரு இடம் தேடிக்கொண்டே இருந்தார்கள், குழி வரைக்கும். அவள் நின்ற இடத்திலேயே அவளை நிற்கவிட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம் இல்லை. நைனா முன்னால் போய்த் தனியாக உட்கார்ந்தார். அம்மா என்னை ஜன்னலோரம் உட்காரவைத்தாள். நான் அழுதுகொண்டே வந்தேன். திருவொற்றியூர் தாண்டியதும் அம்மா தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். அவள் முகத்தில் இரண்டு வருஷமாக நான் பார்க்காத ஒரு அமைதி இருந்தது.

"அழாத. இனிமே உனக்கு ஒண்ணும் ஆவாது" என்றாள்.

எனக்கு ஆறுதல் சொல்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். சொல்லிவிட்டு அம்மா மாதா கோயில் பக்கம் திரும்பிச் சிலுவை போட்டுக்கொண்டாள். அப்போது புரிந்தது. அவளைப் பொறுத்தவரை நேர்ச்சை இன்றைக்குத்தான் செலுத்தியாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து தலைக்கு ஊற்றிக்கொண்டோம். பக்கத்து வீட்டில் கொடுத்த சோற்றை அம்மா எங்களுக்குப் போட்டுவிட்டுத் தானும் உட்கார்ந்தாள். அந்த இரண்டு வருஷத்தில் அவள் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. அம்மா இரண்டாம் தடவையும் சோறு போட்டுக்கொண்டு வயிறு நிறையச் சாப்பிட்டாள்.